கொத்தடிமைக் கூலியின் பற்று வரவு

ஆண்டுக்கு 23,600 கோடி டாலர். உலகெங்கும் கட்டாய உழைப்பால் கிடைக்கும் சட்டவிரோத லாபம் இது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. பத்தாண்டுக்கு முந்தைய மதிப்பீட்டைவிட 6,400 கோடி டாலர் கூடுதல். 37 விழுக்காடு ஏற்றம். கொடுத்திருக்க வேண்டிய கூலியைக் கொடுக்காமல் விட்டதால் மிஞ்சிய பணம்தான் இது.

இதில் பெரும்பகுதி, 17,300 கோடி டாலர், பாலியல் சுரண்டலில் வருகிறது. மீதி நாம் வாங்கும், உடுத்தும், உண்ணும் பொருள்களோடும் நாம் பெறும் சேவைகளோடும் சேர்ந்தது:

• தொழில்துறை (ஆலை, கட்டடம், சுரங்கம்): 3,500 கோடி டாலர்
• சேவைத் துறை: 2,080 கோடி டாலர்
• வேளாண்மை: 500 கோடி டாலர்
• வீட்டு வேலை: 260 கோடி டாலர்

இந்த நான்கையும் கூட்டினால் 6,340 கோடி டாலர். பாலியல் சுரண்டல் அல்லாத கட்டாய உழைப்பில் சிக்கிய ஒருவரிடமிருந்து ஆண்டுக்குச் சராசரியாகப் பறிக்கப்படுவது 3,687 டாலர்.

இந்தத் தொகை எந்த நிறுவனத்தின் கணக்கிலும் தனி வரியாக வராது. 'மலிவான கொள்முதல்' என்ற பெயரில் லாபத்தோடு கரைந்திருக்கும். அதைப் பிரித்து எழுதினால் மூன்று செலவுகள் தெரிகின்றன: வேலை பெறுவதற்கான செலவு, கூலிக்குக் காத்திருக்கும் செலவு, பசிக்கு வாங்கிய முன்பணம். மூன்றும் முதலாளியும் கொள்முதல்காரரும் ஏற்க வேண்டியவை. மூன்றும் தொழிலாளியின் பற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. அடிமைத்தனத்தைத் தடுப்பது என்றால் முதலில் இந்த மூன்று பதிவுகளையும் பக்கம் மாற்றி எழுதுவதுதான்.

ஆள் கணக்கு

2021ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி நவீன அடிமைத்தனத்தில் இருந்தவர்கள் 4 கோடியே 96 லட்சம் பேர். 2 கோடியே 20 லட்சம் பேர் கட்டாயத் திருமணத்தில். 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில். கட்டாய உழைப்பைப் பிரித்தால்:

• தனியார் தொழில்களில்: 1 கோடியே 73 லட்சம்
• பாலியல் தொழிலில்: 63 லட்சம்
• அரசுகளே சுமத்தியது: 39 லட்சம்

ஆக, 86 விழுக்காடு தனியார் கையில். குழந்தைகள் 33 லட்சம். 2016 மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் கட்டாய உழைப்பில் மட்டும் 27 லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள்.

இதே அறிக்கையில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. சொந்த ஊரிலேயே வேலை பார்ப்போரில் ஆயிரத்துக்கு 4.4 பேர் கட்டாய உழைப்பில் இருந்தால், பிழைக்க நாடுவிட்டு நாடு போனவர்களில் ஆயிரத்துக்கு 14.1 பேர். ஏறக்குறைய மூன்று மடங்கு. அடுத்தது, ஆளை நிறுத்திவைக்கக் கையாளும் வழிகளில் முதலிடத்தில் இருப்பது கூலியைப் பிடித்துவைத்தல். 36 விழுக்காட்டினருக்கு நேர்ந்தது அதுதான். அடியும் பூட்டும் பட்டியலில் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சந்தைப் பக்கம் பார்ப்போம். ஜி-20 நாடுகள் ஆண்டுதோறும் இறக்குமதி செய்யும் பொருள்களில் 46,800 கோடி டாலர் மதிப்புள்ளவை கட்டாய உழைப்பு கலந்திருக்கும் ஆபத்து உள்ளவை என்கிறது வாக் ஃப்ரீ அமைப்பின் 2023 அடிமைத்தனக் குறியீடு. மின்னணுப் பொருள்கள் 24,360 கோடி, ஆயத்த ஆடை 14,790 கோடி, பாமாயில் 1,970 கோடி, சூரியத் தகடு 1,480 கோடி, துணி 1,270 கோடி. ஆடையும் துணியும் சேர்ந்தால் 16,060 கோடி டாலர். மூன்றில் ஒரு பங்குக்கு மேல். அந்தப் பங்கில் நம் கொங்கு மண்டலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

முதல் பற்று: வேலைக்குக் கொடுத்த விலை

வெளிநாட்டு வேலைக்குப் போக ஒரு வங்கதேசத் தொழிலாளி சராசரியாகச் செலவழித்தது 4,16,789 டாக்கா. போன இடத்தில் அவருடைய சராசரி மாதச் சம்பளம் 23,693 டாக்கா. அந்நாட்டுப் புள்ளிவிவரத் துறையின் 2020 ஆய்வு தரும் எண்கள் இவை. முதலை இரண்டாவதால் வகுத்தால் 17.6 மாதம். ஒன்றரை ஆண்டு உழைப்பு வேலை கிடைத்ததற்கான விலையாகவே போய்விடுகிறது.

இது வட்டியில்லாக் கணக்கு. வட்டியை நம் ஊர் வழக்கப்படி சேர்த்துப் பார்க்கலாம். நூற்றுக்கு மூன்று வட்டி என்று வைத்துக்கொண்டால் முதல் மாத வட்டி 12,504 டாக்கா. சம்பளத்தில் பாதியைக் கடனுக்கு என்று ஒதுக்கினால் 11,846 டாக்கா. வட்டியே அடையாது, கடன் மேலேறும். சோறு தண்ணிக்குக்கூட எடுக்காமல் முழுச் சம்பளத்தையும் கட்டினால் கடன் அடைய 25 மாதத்துக்கு மேல் ஆகும். வேலை ஒப்பந்தமோ பொதுவாக 2 அல்லது 3 ஆண்டுதான். நடுவில் மேற்பார்வையாளர் கைநீட்டினாலும், ஓவர்டைம் பணம் வராவிட்டாலும், பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் பூட்டிவைத்தாலும் இந்தக் கடனோடு எவரும் ஊர் திரும்ப மாட்டார். வாயிலில் காவலாளி தேவையில்லை. வட்டியே அந்த வேலையைச் செய்கிறது.

விமான டிக்கெட், விசா, மருத்துவச் சோதனை ஆகியவை உண்மையான செலவுகள். அதற்கு மேலே ஏறுவதெல்லாம் விசா வியாபாரம். ஊர்த் தரகர், நகரத்து ஏஜென்ட், அந்த நாட்டு ஏஜென்ட் என்று கை மாறும்போதெல்லாம் விலை ஏறும். இந்தியாவில் பதிவுபெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். வளைகுடாவுக்குப் போய்வந்த எந்தக் குடும்பத்திலும் கேட்டுப் பார்த்தால், இந்த வரம்புக்கும் கொடுத்த பணத்துக்கும் உள்ள இடைவெளி தெரியும்.

இந்தச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கவே கூடாது என்பது புதிய யோசனை அல்ல. தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181ஆம் உடன்படிக்கை 1997இலேயே அதைச் சொல்லிவிட்டது. முதலாளியே செலுத்த வேண்டும் என்பதை 2012இல் டாக்கா நகரின் பெயர் கொண்ட கோட்பாடுகள் வணிக மொழியில் எழுதித் தந்தன. நடைமுறைக்கு வரக் காசு இழப்பு பற்றிய பயம் தேவைப்பட்டது.

மலேசியாவின் டாப் குளோவ் அதற்குச் சாட்சி. உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனம். தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வங்கதேசம், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். கொரோனாவால் கையுறைத் தேவை உச்சத்தில் இருந்த 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை அதன் இரு துணை நிறுவனங்களின் சரக்கை எல்லையில் நிறுத்தியது. கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகக் குற்றச்சாட்டு. 2021 செப்டம்பரில் தடை விலகியது. அதற்குள் ஆள்சேர்ப்புக் கட்டணமாகத் தொழிலாளர்கள் கட்டிய பணத்தில் 3 கோடி டாலருக்கு மேல் நிறுவனம் திருப்பித் தந்திருந்தது. உள்நாட்டு நாணயத்தில் அறிவித்த தொகை 13.6 கோடி ரிங்கிட். அந்த நிறுவனம் 2021 ஆகஸ்டில் முடிந்த நிதியாண்டில் ஈட்டிய நிகர லாபம் 750 கோடி ரிங்கிட்டுக்கு மேல். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கடனில் வைத்திருந்த தொகை, ஓராண்டு லாபத்தில் 2 விழுக்காட்டுக்கும் கீழே.

ஆப்பிள் நிறுவனத்தின் கணக்கும் இதே பாடத்தைச் சொல்கிறது. தனக்கு உதிரிப்பாகம் செய்து தரும் ஆலைகளின் தொழிலாளர்கள் கட்டிய கட்டணத்தை 2008 முதல் திருப்பித் தரவைத்த வகையில் 37,000க்கு மேற்பட்டோருக்கு 3.3 கோடி டாலர் போயிருக்கிறது. ஆளுக்குச் சராசரி 900 டாலருக்குச் சற்றுக் குறைவு. கொள்முதல்காரருக்கு ஒரு நல்ல கைபேசியின் விலை, தொழிலாளிக்குப் பல மாத உழைப்பு.

இரண்டாம் பற்று: பிடித்துவைத்த கூலி

தமிழ்நாட்டில் சுமார் 1,600 நூற்பாலைகள், 4 லட்சம் தொழிலாளர்கள் என்பது கடந்த பத்தாண்டில் இத்துறையை ஆராய்ந்தவர்கள் கையாண்ட எண். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல், கரூர், நாமக்கல், விருதுநகர் மாவட்டங்களில் இவை நெருக்கமாக இருக்கின்றன. 2000களில் இங்கே பரவியது சுமங்கலித் திட்டம். பதின்வயதுப் பெண்கள் ஆலை விடுதியிலேயே தங்கி 3 ஆண்டு வேலை பார்க்க வேண்டும். மாதந்தோறும் கைக்கு வருவது சொற்பம். ஒப்பந்தம் முடியும்போது மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய் வரை கிடைக்கும். மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. ஆலை வட்டாரத்தில் இதைக் 'கேம்ப் கூலி' என்றார்கள்.

இந்த மொத்தத் தொகை அன்பளிப்பு என்று தோன்றும். ஒரு மாதிரிக் கணக்கு போட்டால் அது என்ன என்று தெரியும். 40,000 ரூபாயை 36 மாதத்தால் வகுத்தால் மாதம் 1,111 ரூபாய். நாளுக்கு 37 ரூபாய். அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் சம்பாதித்து ஆலையிடம் விட்டுவைக்கும் சொந்தக் கூலி அது. ஒப்பந்தத்தை முடிக்காதவருக்கு அந்தத் தொகை இல்லை என்பது விதி. உடம்புக்கு முடியாமல் 30ஆம் மாதத்தில் ஊர் திரும்பினால் இழப்பு 33,333 ரூபாய்.

இதையே ஆலையின் பக்கம் எழுதுவோம். விடுதியில் 500 பெண்கள். 3 ஆண்டு முடிவில் கொடுக்க வேண்டியது 2 கோடி ரூபாய். மாதாமாதம் சேர்வதால் சராசரி இருப்பு 1 கோடி. வங்கியில் 12 விழுக்காட்டுக்கு நடைமுறை மூலதனக் கடன் வாங்கியிருந்தால் 3 ஆண்டில் வட்டி மட்டும் 36 லட்சம். அது மிச்சம். 500 பேரில் 100 பேர் 30ஆம் மாதத்தில் விலகினால் கொடுக்காமல் விட்டது 33 லட்சத்து 33 ஆயிரம். அதுவும் மிச்சம். ஆக, 69 லட்சத்துக்கு மேல். தலைக்குக் கிட்டத்தட்ட 14,000 ரூபாயை ஒவ்வொரு பெண்ணும் ஆலைக்குக் கடனாகவோ தானமாகவோ கொடுத்திருக்கிறார். குறைந்தபட்சக் கூலிக்கும் கைக்கு வந்த கூலிக்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

நெதர்லாந்தின் சோமோ ஆய்வு மையமும் இந்தியாவுக்கான நெதர்லாந்துக் குழுவும் 2011இலும் 2014இலும் இதை ஆவணப்படுத்தின. வாரம் 60 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை, விடுதியை விட்டு வெளியே போகக் கட்டுப்பாடு, கைபேசிக்குத் தடை என்று அவை பதிவு செய்தன. வெளிச்சம் பட்டதும் திட்டத்தின் பெயர் பல இடங்களில் மறைந்தது. நடைமுறை மறையவில்லை. 2016இல் 700க்கு மேற்பட்ட ஆலைகளைப் பார்த்த மற்றோர் ஆய்வு, 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில் நவீன அடிமைத்தனத்தின் ஏதோ ஒரு வடிவம் இருப்பதாகவும், ஏறக்குறைய பாதி ஆலைகளில் மொத்தத் தொகைத் திட்டம் தொடர்வதாகவும் எழுதியது.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய். மேலே சொன்ன மாதிரிக் கணக்கின்படி பிடித்துவைக்கும் தொகை ஆண்டுக்கு 13,333 ரூபாய். மாநிலத்தின் 4 லட்சம் நூற்பாலைத் தொழிலாளர் அனைவருக்கும் அதே தொகையைக் கூடுதலாகத் தந்தாலும் ஆகும் செலவு 533 கோடி. திருப்பூரின் ஏற்றுமதி மதிப்பில் 1.3 விழுக்காடு. எல்லா நூலும் திருப்பூருக்குப் போவதில்லை. இது அளவு புரிவதற்கான ஒப்பீடு மட்டுமே. டாலர் மதிப்பு ஒரு மாதத்தில் ஏறி இறங்கும் அளவுக்குள் அடங்கிவிடும் தொகைக்காகத்தான் 3 ஆண்டுக் காவல்.

மூன்றாம் பற்று: முன்பணம்

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து குழந்தைகள் உட்பட 42 பேரை அதிகாரிகள் மீட்டனர். இருளர் குடும்பங்கள். ஆண்டுக்கணக்கில் அவர்களைக் கட்டிவைத்திருந்த கடன்களில் சில வெறும் 1,000 ரூபாய். செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் இதே முறைதான். மேஸ்திரி முன்பணம் தருவார்; குடும்பமே வேலைக்குப் போகும்; கழிவுக் கணக்கு முதலாளியின் நோட்டில் மட்டும் இருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. அது வந்த நாளிலேயே கொத்தடிமைக் கடன் அனைத்தும் ரத்து. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்தது. ஆனால் 1976 சட்டத்தின் அபராத வரியைப் பாருங்கள்: கொத்தடிமையாக வேலை வாங்கியவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். மறுவாழ்வு வரி, 2016 மத்தியத் திட்டத்தின்படி: ஆணுக்கு 1 லட்சம், பெண்ணுக்கும் குழந்தைக்கும் 2 லட்சம், ஆள்கடத்தல், பாலியல் சுரண்டல் போன்ற கொடிய நிலையில் மீட்கப்பட்டோருக்கு 3 லட்சம். குற்றம் செய்தவரின் பற்று 2,000. மக்கள் வரிப்பணத்தின் பற்று 3 லட்சம் வரை. அந்த முழுத் தொகையும் குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டதால், வழக்கு நீளும் காலமெல்லாம் மீட்கப்பட்டவர் கையில் இடைக்கால உதவி மட்டுமே.

2016இல் மத்திய அரசு அறிவித்த இலக்கு, 2030க்குள் 1 கோடியே 84 லட்சம் கொத்தடிமைகளை மீட்பது. ஆண்டுக்கு 12 லட்சத்துக்கு மேற்பட்டோரை மீட்டால்தான் எட்ட முடியும். 1978 முதல் 2016 வரை மீண்டவர்கள் சுமார் 2.82 லட்சம். 2023 தொடக்கத்தில் அந்த எண் சுமார் 3.15 லட்சம். இடையில் கூடியது 33,000 பேர் அளவில். ஆண்டுக்கு 5,000 கூட இல்லை. இதே வேகத்தில் போனால் இலக்கை எட்ட 3,000 ஆண்டுக்கு மேல் ஆகும். மீட்பை நம்பி இருக்க முடியாது, முன்கூட்டித் தடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு வாதம் வேண்டாம்.

சட்டையின் விலைச்சீட்டு

இந்த மூன்று செலவுகளும் கீழே இறங்கக் காரணம் மேலே நிர்ணயிக்கப்படும் விலை. ஐரோப்பாவில் 29 யூரோவுக்கு விற்கும் ஒரு டி-சர்ட்டின் விலையை ஃபேர் வேர் அமைப்பு இப்படிப் பிரித்தது:

• சில்லறைக் கடை, அதன் லாபம் உட்பட: 17.00
• பிராண்டின் லாபம்: 3.61
• துணி, மூலப்பொருள்: 3.40
• போக்குவரத்து: 2.19
• இடைத்தரகர்: 1.20
• ஆலையின் லாபம்: 1.15
• ஆலையின் மற்ற செலவு: 0.27
• தைத்தவரின் கூலி: 0.18

கூலி 18 சென்ட், விலையில் 0.6 விழுக்காடு. அதை இரட்டிப்பாக்கினால் சட்டை 29.18 யூரோ. வாங்குபவர் கண்ணில் படாத வித்தியாசம். விலையை ஏற்றாமல் பிராண்டே ஏற்றுக்கொண்டால் அதன் லாபம் 3.61இலிருந்து 3.43 ஆகும்; 5 விழுக்காடு குறைவு. ஆலை மட்டும் தன் 1.15இலிருந்து தர வேண்டும் என்றால் லாபத்தில் 16 விழுக்காடு போய்விடும். ஒரே 18 சென்ட், மேலே இருப்பவருக்கு இலேசாகவும் கீழே இருப்பவருக்குக் கனமாகவும் இருக்கிறது. 'தொழிலாளர் சட்டத்தைக் கடைப்பிடியுங்கள்' என்று ஒரு கடிதமும், 'அடுத்த சீசனுக்கு விலையைக் குறையுங்கள்' என்று இன்னொரு கடிதமும் ஒரே அலுவலகத்திலிருந்து வரும்போது, ஆலைக்காரர் எதற்குப் பதில் எழுதுவார் என்பது தெரிந்ததே.

சட்டங்களின் வரம்பு

நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியைத் தாங்களே கண்காணித்துச் சொல்ல வேண்டும் என்று வந்த சட்டங்களும் எண்களில்தான் எழுதப்பட்டிருக்கின்றன:

• கலிபோர்னியா, 2012 முதல்: ஆண்டு வரவு 10 கோடி டாலருக்கு மேல்
• பிரிட்டன், 2015: விற்றுமுதல் 3.6 கோடி பவுண்டு
• பிரான்ஸ், 2017: உள்நாட்டில் 5,000 அல்லது உலக அளவில் 10,000 ஊழியர்
• ஆஸ்திரேலியா, 2018: 10 கோடி ஆஸ்திரேலிய டாலர்
• ஜெர்மனி, 2023: 3,000 ஊழியர்; 2024 முதல் 1,000
• இந்தியா, 2022-23 முதல்: பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் செபிக்குத் தரும் பொறுப்பறிக்கை

கலிபோர்னியாவிலும் பிரிட்டனிலும் அறிக்கை வெளியிடாத நிறுவனத்துக்கு நேரடி அபராதம் இல்லை. வெளியிடு என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். ஜெர்மனி 40 கோடி யூரோவுக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனத்துக்கு அதில் 2 விழுக்காடு வரை அபராதம் என்று எழுதியது. இந்தியப் பொறுப்பறிக்கையில் சங்கிலிப் பகுதி முதல் 250 நிறுவனங்களுக்கு மட்டும், அதுவும் விருப்பப்பட்டால். கொள்முதலிலோ விற்பனையிலோ 2 விழுக்காடோ அதற்கு மேலோ பங்குள்ள கூட்டாளியே அதில் கணக்கு. பருத்திக்காடு, ஜின்னிங், நூற்பாலை, துணி, சாயம், தையல் என்று ஆறு படி தாண்டித்தான் சட்டை கப்பலேறுகிறது. கடன் இருப்பது கீழ்ப்படிகளில். வரம்பு அளப்பது மேற்படியை.

சரக்கைத் தடுக்கும் சட்டத்துக்குப் பல் அதிகம். அமெரிக்கச் சுங்கவரிச் சட்டத்தின் 307ஆம் பிரிவு 1930 முதல் இருக்கிறது. உள்நாட்டில் போதிய அளவு கிடைக்காத பொருளுக்கு விலக்கு என்ற ஓட்டையை 2016இல் அடைத்த பிறகே அது வேலை செய்யத் தொடங்கியது. சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பொருள்களுக்கான தனிச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. 2024க்குள் 300 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள 9,000க்கு மேற்பட்ட சரக்குகள் சோதனைக்கு நிறுத்தப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பரில் வரவிருக்கிறது.

சான்றிதழின் விலை

2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்தது. 250க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்குத் தொழிலாளர் நிலைமைக்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. முக்கியக் கொள்முதல்காரரான ஜெர்மனியின் கிக் நிறுவனம் 2016இல் கூடுதலாக 51.5 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. சொல்லிவிட்டு வரும் தணிக்கையாளர், ஆலையே கட்டணம் தரும் சோதனை, மேலாளர் முன்னால் எடுக்கும் பேட்டி: இம்மூன்றும் சேர்ந்த சான்றிதழ், பூட்டிய கதவைக்கூடக் காண்பதில்லை. நோட்டில் எழுதாத கடனையா காணும்?

பக்கம் மாறிய இரண்டு கணக்குகள்

முதலாவது ஃபுளோரிடாவின் இமோக்கலி. தக்காளி பறிக்கும் தொழிலாளிக்கு 32 பவுண்டு கூடைக்குச் சுமார் 50 சென்ட் கூலியாக இருந்தது. 10 மணி நேரத்தில் குறைந்தபட்சக் கூலி அளவு சம்பாதிக்க 2 டன்னுக்கு மேல் பறிக்க வேண்டியிருந்தது. 1997 முதல் அந்த வட்டாரத்தில் தொடர்ந்த அடிமைத்தன வழக்குகளில் 1,200க்கு மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். ஒரு வழக்கில் தொழிலாளர்களை இரவில் லாரிப் பெட்டிக்குள் பூட்டிவைத்தார்கள். குழாய்த் தண்ணீரில் குளிக்க 5 டாலர் பிடித்தார்கள். 2008இல் இருவருக்கு 12 ஆண்டுச் சிறை.

இமோக்கலி தொழிலாளர் கூட்டமைப்பு கேட்டது பவுண்டுக்கு 1 சென்ட் கூடுதல். கூடைக்கு 32 சென்ட். 2005இல் டாக்கோ பெல், 2007இல் மெக்டொனால்ட்ஸ், 2014இல் வால்மார்ட் எனக் கொள்முதல்காரர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டனர். 2011இல் உருவான நியாய உணவுத் திட்டத்தில் இரண்டு வரிகள் முக்கியம்: கூடுதல் விலையைக் கொள்முதல்காரர் தருவார், விதி மீறும் பண்ணையிடம் வாங்க மாட்டார். இதுவரை தொழிலாளர் சம்பளத்தில் சேர்ந்த கூடுதல் 3 கோடி டாலருக்கு மேல். 24 மணி நேரப் புகார் எண்ணும், பண்ணைக்குள்ளேயே வேலை நேரத்தில் நடக்கும் உரிமை வகுப்பும் இதன் பகுதி.

இரண்டாவது திண்டுக்கல். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையின் இளம் தலித் பெண் தொழிலாளி ஒருவர் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஓராண்டுக்கு மேல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச்&எம்மும், பிறகு கொள்முதல்காரர்களான கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சங்கத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. 5,000க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தனர். 2022 ஜூலை இறுதியில் அமெரிக்கா அந்த ஆலையின் சரக்குக்கு விதித்த தடை, இந்த ஒப்பந்தத்தைக் காரணம் காட்டி ஆறு வாரத்துக்குள் விலகியது. டாப் குளோவுக்கு 14 மாதம் ஆனதை இதோடு வைத்துப் பார்க்கலாம்.

முதலாண்டுக் கணக்கு: தொழிலாளர்களிலிருந்தே 58 தளக் கண்காணிப்பாளர்கள், 185 புகார்கள், தீர்ந்தவை 182. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். தணிக்கையாளர் ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க முடியாததை, அதே வரிசையில் தையல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் அன்றைக்கே பார்க்கிறார். புகார் எண்ணிக்கை கூடுவது கெட்ட செய்தி அல்ல. 5,000 பேர் வேலை செய்யும் இடத்தில் புகார் சுழி என்று வரும் அறிக்கைதான் சந்தேகத்துக்குரியது.

எழுத வேண்டிய ஐந்து வரிகள்

கட்டாய உழைப்பை ஒழிக்கத் தேவைப்படும் முதலீடு 21,200 கோடி டாலர் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024 நவம்பரில் கணக்கிட்டது. உலக உற்பத்தியில் 0.14 விழுக்காடு. பதிலுக்கு உலகப் பொருளாதாரம் 61,100 கோடி டாலர் கூடும். ஒழிக்க ஆகும் மொத்தச் செலவு, சுரண்டுவோர் ஓராண்டில் எடுக்கும் லாபத்தைவிடக் குறைவு.

அதில் ஒரு நிறுவனத்தின் பங்கு, அது போடும் கொள்முதல் ஆர்டரிலேயே ஐந்து வரிகளாக இருக்க வேண்டும்:

1. ஆள்சேர்ப்புச் செலவு: தொழிலாளர் எண்ணிக்கை, தலைக்கு ஆன தொகை, செலுத்தியவர் பெயர். தொழிலாளி செலுத்தியிருந்தால் திருப்பித் தந்த நாள்.
2. நிலுவைக் கூலி: ஒரு மாதத்துக்கு மேல் ஆலையின் கையில் நிற்கும் தொழிலாளர் பணம் எவ்வளவு. இருக்க வேண்டிய எண் சுழி.
3. முன்பணம்: கொடுத்தது, கழித்தது, மீதி, தொழிலாளியிடம் உள்ள பிரதியோடு ஒத்துப்போகிறதா.
4. புகார்: வந்தவை, தீர்ந்தவை, எடுத்த நாள்கள். சங்கத்தின் கையெழுத்தோடு.
5. கூலிப் பங்கு: ஒரு பொருளின் விலையில் உழைப்புக்கு எவ்வளவு என்பது பேரத்துக்கு உட்படாத தனி வரி.

முதல் நான்கும் ஆலை தர வேண்டிய கணக்கு. ஐந்தாவது வாங்குபவர் தர வேண்டியது. நடைமுறையில் முதல் நான்கைக் கேட்கும் நிறுவனங்கள் பெருகிவருகின்றன. ஐந்தாவதை எழுதிக் கையெழுத்திடுபவர்கள் அரிது. அந்த வரி காலியாக இருக்கும்வரை மற்ற நான்குக்கும் ஆலையிலிருந்து வரும் எண்கள், கேட்பவருக்குப் பிடித்த எண்களாகவே இருக்கும்.